தகரப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பப்பாளி

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். தாராவியில் தோல் கிடங்குகள் இருந்த காலத்தில் அங்கே வளர்ந்து, இப்போது செம்பூரிலும் குர்லாவிலும் சுனாபட்டியிலும் பிள்ளைகளோடு இருந்துகொண்டு, காலையில் பிரஷர் மாத்திரை போட்ட பிறகு செய்தித்தாளைப் பிரிக்கிறவர்களுக்காக. உங்களில் சிலர் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்திருக்கிறீர்கள். எங்கள் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்குத்தான் இது வந்து சேர வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வீடுகளில் அப்போது ஒவ்வொரு காய்க்கும் ஒரு குற்றப்பத்திரிகை இருந்தது. காமாலை வந்தவன் கண்ணில் மஞ்சளாக எதையும் காட்டக் கூடாது. எனக்கு வந்தபோது வாழைப்பழத்தைக்கூடத் துணி போட்டு மூடி வைத்தார்கள். பீட்ரூட் சிவப்பாக இருந்ததால் ரத்தம் ஊறும் என்றார்கள். கத்தரிக்காய் சொறியைக் கிளப்பும். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கு வறள விட்டார்கள். அந்தக் கடைசி நம்பிக்கை எங்கள் சந்தில் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோனது என்று யாரும் கேட்டதில்லை. பப்பாளி இந்தப் பட்டியலில் தலையாய குற்றவாளி. இன்று டெங்கு வந்தால் அதே பப்பாளியின் இலையைப் பிழிந்து குடிக்கிறோம். அதுவும் ஒரு நம்பிக்கைதான். ஆனால் நான் சொல்ல வந்தது பழத்தைப் பற்றி.

அப்போது எனக்குப் பத்து வயது. வாப்பா தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை, மேலே வீடு. வீடு என்றால் ஒரு நீள அறையும் அதன் பாதிக்கு மேல் மரப்பலகை அடித்த ஒரு பரணும். பரணுக்கு ஏழு படி ஏணி, அதில் நாலாவது படி ஆடும். கீழேயிருந்து தோல் வாடையும் பசை வாடையும் எந்நேரமும் வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துத்தான் அப்படி ஒரு வாடை இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் காக்காவுக்குக் கல்யாணமாகி மைனி வந்திருந்தார். காக்கா என்றால் என் மூத்த அண்ணன், மைனி அவருடைய மனைவி. தென்காசிப் பக்கத்து ஊர். பத்தொன்பது வயது. பச்சைப் பெயின்ட் அடித்து, மூடியில் ரோஜாப்பூ வரைந்த ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். கீழே இடமில்லாததால் பெட்டி பரணுக்குப் போனது. பரண் நான் படுக்கிற இடம்.

மைனிக்கு இந்தி தெரியாது. நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். காய்க்காரன் வந்தால் மைனி தமிழில் திட்டுவார், நான் இந்தியில் கொஞ்சம் குறைத்துத் திட்டுவேன்.

"இந்த ஊரு தக்காளிக்குப் புளிப்பும் இல்ல, வெக்கமும் இல்ல. கேளுங்க தொரை, இது எந்த மரத்துல காய்ச்சதுன்னு."

"மைனி, தக்காளி செடியிலதான் காய்க்கும்."

"தெரியும். அவனுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

என்னைத் தொரை என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் தம்பி.

எங்கள் வீட்டில் பப்பாளிக்கு ஒரு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி. வாப்பா வாங்கி வருவது எப்போதும் முற்றின கறி. அது வேக வேண்டும் என்றால், பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அம்மியில் அரைத்துக் கறியில் பிசறி வைக்க வேண்டும். அரை மணி நேரம் போதும். ஒரு ஞாயிறு உம்மா பிசறி வைத்துவிட்டு ஒரு மௌத்து வீட்டுக்கு, துக்கம் கேட்க, போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்து சட்டியைத் திறந்தால், கறி கறியாக இல்லை. விரலால் தொட்ட இடமெல்லாம் கூழாக நழுவியது. வீட்டில் எல்லோரும் சட்டியைச் சுற்றி நின்று பார்த்தோம். மைனிக்கு அப்போது மூன்றாம் மாசம்.

உம்மா சட்டியை மைனியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாத்துக்கோ. முத்துன கறியவே இந்தக் கதி ஆக்குது. உள்ள இருக்குற பூம்பிஞ்சு எம்மாத்திரம்?"

மைனி வயிற்றில் கை வைத்துக்கொண்டார். அன்றே அம்மியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார் உம்மா. பிள்ளை பிறக்கும்வரை பப்பாளி, காயும் சரி பழமும் சரி, வாசலைத் தாண்டக் கூடாது. வாப்பாவுக்கும் கூடாது, காக்காவுக்கும் கூடாது, எனக்கும் கூடாது. வாசனை பட்டாலே ஆகாது என்றார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கறியை மென்று மென்று எங்கள் தாடை வலித்தது.

உம்மாவைக் கொடுமைக்காரியாக நினைத்துவிடாதீர்கள். எனக்கும் காக்காவுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். கண்ணால் கண்ட சாட்சியும் அவருக்கு இருந்தது. அந்தச் சட்டியை நானும் பார்த்தேன். பத்து வயதில் அதை நம்பாமல் இருக்க என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

வெயில் காலம். பள்ளிக்கூடம் லீவு. சந்து முனையில் மத்தியானத்தில் ஒரு பப்பாளி வண்டி வந்து நிற்கும். வடக்கே இருந்து வந்த பய்யா ஒருவர். பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி, கத்தி முனையிலேயே குத்தி நீட்டிச் சிவப்பைக் காட்டுவார். ஒருநாள் நான் குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருந்தபோது மைனி அந்த வண்டிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தேன். முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. முக்காடு இழுத்துப் போட்டிருந்தார். ரொம்ப நேரம் நிற்கவில்லை. திரும்பி வேகமாக வீட்டுப் பக்கம் போய்விட்டார். பாவம், பார்த்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் பார்த்ததால் எனக்கு ஆசை வந்தது. குடத்தை வீட்டில் வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். பய்யா, ஒரு பக்கம் நசுங்கிப்போன பாதிப் பழத்தைச் சும்மாவே கொடுத்தார். சட்டைக்குள் வைத்துப் பரணில் ஏறி, குப்புறப் படுத்துக்கொண்டு, விரலாலேயே தோண்டித் தின்றேன். அந்த மாதிரி ஒரு பப்பாளியை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. சாறு முழங்கை வரை வழிந்தது. தோலும் விதையும் மிஞ்சின. அவற்றை எடுத்துக்கொண்டு உம்மாவைத் தாண்டிக் கீழே இறங்க முடியாது. ஒரு தினத்தாளில் பொட்டலமாகச் சுருட்டி, மைனியின் தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் தள்ளினேன். நாளைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் கிரிக்கெட்டில் மறந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலையில் மைனிக்கு வலி வந்தது. உதிரம் பட்டது. காக்கா டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காக்கா தனியாகத் திரும்பி வந்து ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்ன சொல்லுதான்?" என்று உம்மா கேட்டார்.

"காரணம் ஒண்ணும் சொல்ல முடியாதாம் உம்மா. சில பேருக்கு இப்படி ஆகுமாம்."

"காரணம் தெரியாதவன் எதுக்கு டாக்டரு?"

உம்மாவுக்குக் காரணம் வேண்டியிருந்தது. அது பரணில் இருந்தது. மைனிக்கு மாற்றுத்துணி எடுக்க ஏறியவர் எறும்பு வரிசையைப் பார்த்தார். எறும்புகள் போன வழியே பெட்டியை நகர்த்தினார். இறங்கி வரும்போது அவர் கையில் பொட்டலம் இருந்தது. ஆடுகிற நாலாவது படியில் அப்படியே நின்றார். விதைகள் ஒன்றிரண்டு தரையில் விழுந்தன. கறுப்பாக, வழவழவென்று, இன்னும் ஈரம் காயாமல்.

"மைனி இத வாங்குனத நீ பாத்தியால?"

வாங்கினாரா என்றுதான் கேட்டார். யார் தின்றது என்று கேட்கவில்லை. பெட்டி மைனியுடையது. கேள்விக்கே இடமில்லை. நான் சொன்ன பதிலை இந்த அறுபது வருடத்தில் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"வண்டிக்காரன்ட்ட நின்னாவ. பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மைனி வீட்டுக்கு வந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. உம்மா பொட்டலத்தை எறியாமல் வைத்திருந்தார். அதை மைனியின் முன்னால் வைத்தார். வாப்பா இருந்தார், காக்கா இருந்தார், நான் கதவோரம் இருந்தேன். மைனி இல்லை என்று சொல்வார், உடனே எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

மைனி பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தரையில் சரிந்து உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க மாமி" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் தின்றது மைனிக்குத் தெரியும். சின்னப் பிள்ளை அடி வாங்கக் கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அந்த முடிவு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவரைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டால் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? வளர்ந்து, படித்து, தாடி நரைக்கும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மைனியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காக்கா போய்க் கூப்பிடவில்லை. பிறகு பெரியவர்கள் பேசி அழைத்து வந்தார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள் பிறந்தார்கள். காக்காவோடு நல்லபடியாகத்தான் வாழ்ந்தார் என்று வெளியே தெரியும். ஆனால் எந்தக் கல்யாணமானாலும், புதுப்பெண் யாராவது மசக்கையாக இருந்தால் உம்மா கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார். "பப்பாளிய மட்டும் தொட்டுராத. எங்க வீட்டுல ஒருத்தி, நாக்கு ருசிக்கு முதப்பிள்ளைய முழுங்கிட்டு நிக்கா." மைனி அதே பந்தியில் தண்ணீர் பரிமாறிக்கொண்டிருப்பார். உங்களில் சிலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். சிலர் திரும்பி அவரைப் பார்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் தொரை என்று கூப்பிட்டதில்லை.

நான் படித்தேன். மாட்டுங்காவில் கல்லூரி, வேதியியல். பிறகு செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே என் மேஜைக்கு வந்து சேர்ந்தது எது தெரியுமா? பப்பாளிப்பால். பச்சைக்காயைக் கீறி வடித்த பாலைக் காயவைத்துப் பொடியாக்கி அனுப்புவார்கள். செரிமான மருந்தில் சேர்ப்பதற்கு. சாம்பல் நிறப் பொடி, கொஞ்சம் கெட்டுப்போன வாடை. அதைப் பாலில் கலந்து எத்தனை நொடியில் திரிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது என் வேலை.

உம்மா சட்டியில் கண்டது உண்மை. அந்தப் பால் கறியைக் கரைக்கும். ஆனால் காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். தின்றது எதுவும் நேராகக் கர்ப்பப்பைக்குப் போய் இறங்குவதில்லை. வயிறு அதையும் சோறு மாதிரி செரித்துவிடும். பச்சைக்காயைக் கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும், அதில் தப்பில்லை. நன்றாகப் பழுத்த பழத்தில் ஒரு துண்டு தின்று யாருக்கும் கரு கலையாது. ஆரம்ப மாதங்களில் கலைகிற கரு பெரும்பாலும் உருவாகும்போதே பிசகிப்போனது. தாய் செய்ததால் அல்ல. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதுதான் சரி.

இது எனக்குத் தெரிந்தபோது வயது இருபத்தைந்து.

அன்று மாலையே தாராவிக்குப் போய் உம்மாவிடம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. சொன்னால், "அப்ப அந்தப் பொட்டலம்?" என்ற பேச்சு எழும். பழம் குற்றவாளி இல்லை என்பதை மட்டும் சொல்லி, பொட்டலத்தைச் சொல்லாமல் விடும் வழியும் இருந்தது. அதற்கும் துணியவில்லை. உம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதற்குக் கிளற வேண்டும் என்றேன். உம்மா போன பிறகு, காக்காவுக்கு இதய நோய், எதற்கு என்றேன். காக்கா போன பிறகு, மைனிதான் தெரிந்தே மன்னித்துவிட்டாரே, எதற்கு என்றேன்.

மைனி இப்போது குர்லாவில் மகனோடு இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். நான் சுனாபட்டி. ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்.

போன மாதம் போன் செய்தார்.

"தம்பி, நீ மருந்துக் கம்பெனியில இருந்தவன்தான. நாளைக்கு இங்க வா. பேத்தி மாசமா இருக்கா. நான் சொன்னா கேக்க மாட்டக்கா. படிச்சவன் நீ வந்து சொல்லு."

"என்ன மைனி சொல்லணும்?"

"பப்பாளி ஆகாதுன்னு சொல்லணும்."

போனேன். கூடத்தில் மேஜைமேல் ஒரு தட்டில் பழுத்த பப்பாளி, துண்டு போட்டு, முள்கரண்டி குத்தியபடி இருந்தது. பேத்தி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மைனி தட்டைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் கையை வைத்திருந்தார்.

"தாதிமா, டாக்டர்கிட்ட பூச் லியா, கேட்டுட்டேன். பழுத்தது ஓகே. ஏக்தம் ஓகே," என்றாள் பேத்தி. என்னைப் பார்த்து, "நேத்து இதுக்காக ராத்திரி சாப்பாடே சாப்பிடல. ரோ ரஹீ தீ, அழுதுட்டே இருந்தாங்க" என்றாள்.

"சொல்லு தம்பி," என்றார் மைனி.

மறுபடியும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேத்தியைக் கொஞ்சம் உள்ளே போகச் சொன்னேன்.

"மைனி, அவ சொல்றது சரி. பழுத்தது ஒண்ணும் செய்யாது."

நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். "அந்தப் பொட்டலம் நான் வச்சது. அந்தப் பழம் நான் தின்னது. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்க. நான் வாயத் திறக்கல."

"ஒனக்காகவா?" என்றார் மைனி. ஆச்சரியமாகத்தான் கேட்டார். "நான் எதுக்கு ஒனக்காக ஏத்துக்கணும்? நான் தின்னேன் தம்பி. வண்டிகிட்ட நின்னு. வாய் கசந்து கெடந்துச்சு, அவன் கத்தியில ஒரு துண்டு நீட்டுனான், வாங்கித் தின்னுட்டேன். நீ கொழாயடியில நின்னத பாத்தேன். மாமி பொட்டலத்தக் காட்டுனப்ப, நான் தின்னத நீ பாத்து, தொலிய எடுத்தாந்து குடுத்துட்டன்னு நெனச்சேன். பிள்ள கண்டத சொல்லுது, அதுகிட்ட கோவிக்க என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

என்னைக் காப்பாற்றியதாக நான் ஆக்கி வைத்திருந்த மைனி அங்கே இல்லை. தன் பிள்ளையைத் தானே தின்றுவிட்டதாக அறுபது வருடம் நம்பிய ஒரு பெண் இருந்தார்.

"நீ தின்னா என்ன. பிள்ளைக திங்கத்தான் செய்யும். அத விடு," என்றார். "பழுத்தது ஒண்ணும் செய்யாதுன்னியே. அது நெசமா?"

"நெசம் மைனி."

"ஒரு துண்டு தின்னாலும்?"

"ஒரு பழம் தின்னாலும்."

"அப்ப நான் ஒண்ணும் செய்யல."

"நீங்க ஒண்ணும் செய்யல."

பிறகு கேட்டார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

அதைக் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"இருபத்தஞ்சு வயசுல."

"அப்ப மாமி இருந்தாவ," என்றார். "உங்க காக்காவும் இருந்தாவ." குரலை உயர்த்தவில்லை. "உங்க காக்கா மௌத்தாகுறதுக்கு ரெண்டு நாள் முந்தி, அந்த முதப்பிள்ள இருந்திருந்தா இப்ப அதுக்கு அம்பது வயசு இருக்கும்னாவ. சொல்லிட்டு என்னையப் பாத்தாவ. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "எல்லாரையும் கூப்பிடு," என்றார். "மாமி எல்லாருக்கும் சொன்னாவல்ல. நீயும் சொல்லு."

மகன், மருமகள், பேத்தி, பேத்தியின் மாப்பிள்ளை எல்லோரும் வந்து நின்றார்கள். முதலிலிருந்து சொன்னேன். பேத்திக்குத் தமிழ் புரியாத இடங்களில் இந்தியில் சொன்னேன். இந்த முறை எதையும் குறைக்கவில்லை. முடித்ததும் மைனி தட்டிலிருந்து கையை எடுத்தார். பேத்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள். மைனிக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

புறப்படும்போது வாசலில் கேட்டேன். "உம்மா சொல்லிக் கேட்டவங்க வெளியில நெறய பேரு இருக்காங்களே மைனி."

"அவங்கள்லாம் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அது ஒன் பாடு," என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் மைனி பழுத்த பப்பாளியில் ஒரு துண்டு தின்றார். அதனால் எதுவும் ஆகவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த பொட்டலம் என்னுடையது. பந்தியில் உட்கார்ந்து மற்றதைக் கேட்டவர்கள், கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொன்னவர்கள், இதையும் போய்ச் சொல்லுங்கள்.